அரிய நோய்களுக்கு ஏடு திறந்த எமில் நோவாக்

மருத்துவ உலகில் இரு வகையான நோய்கள் உள்ளன. நாள்தோறும் வைத்தியசாலை வாசலில் வரிசையாக வந்து நிற்கும் நோய்கள் ஒரு வகை. ஒரு வைத்தியர் தமது தொழில்வாழ்க்கை முழுவதிலும் ஓரிரு தடவைகள் மாத்திரம் சந்திக்கும் நோய்கள் மற்றொரு வகை. முதலாவது வகை நோய்களைப் பற்றிய அனுபவத்தை ஒரு வைத்தியசாலை தானாகவே காலப்போக்கில் திரட்டிக் கொள்ள முடியும். இரண்டாவது வகையைப் பொறுத்தவரை, எத்துணை திறமை வாய்ந்த வைத்தியரும் அனுபவமற்றவரே. தமக்கு முன்னால் படுத்திருக்கும் பெண்ணுக்குச் செய்ய வேண்டியது என்னவென்று அறிய, அதே நோய்க்கு ஆளான இன்னொரு பெண்ணுக்கு எங்கோ ஓர் ஊரில் என்ன நேர்ந்தது என்பதை அவர் தெரிந்திருக்க வேண்டும்.

கருப்பையிலும் சூலகத்திலும் தோன்றும் அரிய புற்றுநோய்கள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. வெவ்வேறு நகரங்களின் வைத்தியசாலைகளில் சிதறிக் கிடந்த இத்தகைய நோயாளரின் விபரங்களை ஓரிடத்தில் சேர்த்து, மீள ஆராய்ந்து, ஒழுங்குபடுத்தும் பணியில் முன்னின்றவர்களுள் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பணியாற்றிய டொக்டர் எமில் நோவாக் முக்கியமானவர். 1884இல் பிறந்து 1957இல் மறைந்த இவரது பெயர் பெண்நோயியல் பயின்ற வைத்தியர்களுக்கு மிகவும் பரிச்சயமானது. அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகளைக் கண்டு, இன்றும் அவரது பெயரைத் தாங்கியே வெளிவருகின்றது. எனினும் பாடநூலை விடவும் பெறுமதி மிக்கதாகக் கருதத்தக்க அவரது இன்னொரு பணி, நோயாளர் பதிவேடு பற்றிய பணி, மருத்துவ வட்டாரத்துக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

சத்திரசிகிச்சைக் கூடமும் நுணுக்குக்காட்டியும்

1889இல் திறக்கப்பட்ட பால்ட்டிமோர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை, பெண்நோயியலைத் தனியொரு துறையாக வளர்த்தெடுத்த இடங்களுள் ஒன்று. ஹவார்ட் கெலி என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் அத்துறையைத் தொடக்கி வைத்தார். அவருடைய மாணவரான தோமஸ் கலன், சத்திரசிகிச்சையின்போது அகற்றப்படும் இழையங்கள் அனைத்தையும் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்வதற்கென ஓர் ஆய்வுகூடத்தை வளர்த்தார். கருப்பைப் புற்றுநோய் பற்றி கலன் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் அந்த ஆய்வுகூடத்தின் விளைபொருளாகும்.

இந்த மரபிலேயே நோவாக் உருவானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், பெண்நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியராகவும், வெட்டியெடுத்த இழையத்தைத் தாமே ஆராயும் நோயியலாளராகவும் விளங்கினார். இவ்விரு பணிகளும் ஒருவரிடமே சேர்ந்திருந்தமை அவரது பிற்காலச் சாதனைக்கு அடித்தளமாயிற்று எனலாம். இழையத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பெண் பின்னர் பிழைத்தாளா, இறந்தாளா என்பது தெரிய வருவதில்லை. நோயாளியை மட்டும் பார்ப்பவருக்கு அவளது உடலினுள் இருந்தது எத்தகைய கட்டி என்பது உறுதியாகத் தெரிவதில்லை. இரண்டையும் ஒருங்கே பார்த்தவர் நோவாக்.

அவரது முதல் ஈடுபாடு புற்றுநோய் அன்று. மாதவிடாயின் இயல்பும் அதன் கோளாறுகளுமே அவரை முதலில் ஈர்த்தன. ஓமோன்கள் பற்றிய அறிவு இன்னும் முழுமை பெறாத காலத்தில், 1921இல், இவ்விடயம் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். 1935ஆம் ஆண்டில் இரு வேறு வகையில் அவரது பெயர் பரவியது. பெண்கள் வைத்தியரிடம் கேட்கத் தயங்கும் ஐயங்களுக்குப் பொதுமக்களுக்கு விளங்கும் நடையில் விடையளிக்கும் நூலொன்றை அவ்வாண்டு எழுதினார். கருப்பையின் உட்படையிலிருந்து சிறிதளவு இழையத்தை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய கருவியொன்றையும் அதே ஆண்டில் அறிமுகப்படுத்தினார். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டு செல்லாமல், சாதாரண பரிசோதனை அறையிலேயே இழையம் எடுக்க இது வழிசெய்தது. அக்கருவி இன்றும் அவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

அடுத்த ஆண்டில், கருப்பை உட்படையின் மிகை வளர்ச்சிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி யுயி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை, நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்ட ஒன்றாகும். பெண்நோயியல் மற்றும் மகப்பேற்று நோயியல் பற்றிய அவரது பெருநூல் 1940இலும், பெண்நோயியல் பாடநூல் அதனை அடுத்தும் வெளிவந்தன.

பேர்லினிலிருந்து வந்த அறிவு

சூலகத்தில் தோன்றும் கட்டிகள் வியப்பூட்டும் அளவுக்குப் பல வகைப்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை பொதுவான சில வகைகளுக்குள் அடங்கும். எஞ்சியவை மிக அரியன. சில கட்டிகள் பெண் ஓமோனைச் சுரந்து சிறுமியைப் பருவமெய்தச் செய்யும். வேறு சில ஆண் ஓமோனைச் சுரந்து இளம் பெண்ணின் குரலை மாற்றி, முகத்தில் மயிர் வளரச் செய்யும். இன்னும் சில, முதிர்ச்சியடையாத இனப்பெருக்கக் கலங்களிலிருந்து தோன்றி இளவயதினரையே தாக்கும்.

இக்கட்டிகளைத் தோற்ற மூலத்தின்படி பகுத்துப் பெயரிட்டவர்களுள் தலையாயவர் ஜேர்மனியின் ரொபேட் மேயர். 1864இல் பிறந்த அவர் பேர்லினில் இருந்தபடியே உலகெங்கிலுமிருந்து அனுப்பப்பட்ட கண்ணாடித் தகடுகளை ஆராய்ந்து கருத்துக் கூறி வந்தார். யூதரான அவர் நாசி ஆட்சியின் கொடுமையால் 1939இல் முதிர்ந்த வயதில் அமெரிக்காவுக்குப் புலம்பெயர நேரிட்டது. மினியாபொலிஸ் நகரில் வாழ்ந்த அவர் 1947இல் காலமானார். இரு ஆண்டுகளின் பின்னர் மேயரின் சுயசரிதை ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தபோது, அவரைப் பற்றிய நினைவுக் கட்டுரையை எழுதிச் சேர்த்தவர் நோவாக் ஆவார். அமெரிக்க வைத்தியர்களிடையே மேயரின் பகுப்பு முறையைப் பரப்பியவர்களுள்ளும் நோவாக் முன்னணியில் நின்றார்.

மேயரின் வாழ்க்கை ஒரு படிப்பினையைத் தந்தது. அரிய நோய் பற்றிய அறிவு ஒரு தனிமனிதரின் கண்ணிலும் நினைவிலும் தங்கியிருக்குமானால், அந்த மனிதர் நாடு கடத்தப்படும்போதோ இறக்கும்போதோ அவ்வறிவும் சிதறிப் போகும். அதனை நிலைநிறுத்த ஒரு நிறுவனம் வேண்டும். தகடுகளும் குறிப்புகளும் ஓரிடத்தில் பாதுகாக்கப்பட வேண்டும். பின்வருபவர் அவற்றை மீண்டும் எடுத்துப் பார்க்கக் கூடியதாக இருத்தல் வேண்டும்.

பதிவேடு என்ற எண்ணம்

புற்றுநோய்ப் பதிவேடு என்ற எண்ணம் அமெரிக்காவுக்கு அப்போது முற்றிலும் புதியதன்று. பொஸ்டன் நகரின் ஏர்னஸ்ட் கொட்மன் என்ற சத்திரசிகிச்சையாளர் 1920இல் எலும்புப் புற்றுநோய்களுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சையின் இறுதி விளைவு என்னவாயிற்று என்பதை வைத்தியசாலைகள் தேடியறிந்து எழுதி வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியதால் தமது சகாக்களின் பகையைத் தேடிக் கொண்டவர் அவர். அவருடன் இப்பணியில் இணைந்தவர்களுள் ஒருவரான ஜோசப் பிளட்குட், நோவாக்கின் நகரான பால்ட்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸைச் சேர்ந்தவர்.

பெண்நோயியல் துறையில் இதே எண்ணம் இரு பதிவேடுகளாக உருப்பெற்றது. ஒன்று, அமெரிக்கப் பெண்நோயியல் சங்கத்தின் ஆதரவில் அமைந்த சூலகக் கட்டிகள் பதிவேடு. இது பின்னர் எமில் நோவாக்கின் பெயராலேயே வழங்கலாயிற்று. மற்றையது, 1940களில் அமைக்கப்பட்ட கோரியோகாசினோமா பதிவேடு. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் இந்நோய் பற்றி ஆராய்ந்த அல்பேர்ட் மத்தியூ என்ற வைத்தியரின் நினைவாக அதற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. இவ்விரு பதிவேடுகளின் நோயியல் ஆய்விலும் நோவாக் தலைமைப் பங்கு வகித்தார்.

பதிவேட்டின் இயக்கம் எளிமையானது. ஏதோவொரு நகரில் ஒரு வைத்தியர் அரிய கட்டியொன்றைச் சந்திக்கிறார். அதன் இழையத் தகடுகளையும், நோயாளியின் வயது, நோய்க்குறிகள், செய்யப்பட்ட சத்திரசிகிச்சை ஆகியன பற்றிய குறிப்புகளையும் தபாலில் அனுப்புகிறார். பதிவேட்டைச் சேர்ந்த நிபுணர்கள் அத்தகடுகளைப் புதிதாகப் பார்த்து, இது எத்தகைய கட்டி என்று முடிவு செய்கிறார்கள். பின்னர், அந்தப் பெண் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாள், நோய் திரும்பியதா என்ற விபரங்கள் பெறப்பட்டு அதே கோவையில் சேர்க்கப்படுகின்றன.

இத்தனை எளிய வேலையில் என்ன பெரிய பயன் என்று ஒருவர் வினவக்கூடும். சூலகத்தில் தோன்றும் கிரனுலோசா வகைக் கட்டியை உதாரணமாகக் கொள்வோம். சூலகப் புற்றுநோய்களுள் நூற்றுக்குச் சில வீதமே இவ்வகையின. இக்கட்டி அகற்றப்பட்டுப் பத்து, இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் மீண்டும் தோன்றக்கூடும். ஐந்தாண்டு நலமாக இருந்தமையால் குணமடைந்துவிட்டார் என்று நோயாளியை அனுப்பிவிடும் வைத்தியர் இதனை ஒருபோதும் அறிய மாட்டார். நீண்டகாலம் பின்தொடரும் பதிவேடு ஒன்றினாலேயே இத்தகைய உண்மையை வெளிக்கொணர முடியும். இதேபோன்று சூலகத்தில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய் எந்தவொரு தனி வைத்தியசாலையிலும் கணக்கிடத்தக்க அளவில் காணப்படுவதில்லை. ஆனால் நோவாக் மறைந்து ஆறு ஆண்டுகளின் பின்னர், 1963இல், அவரது பதிவேட்டிலிருந்து மாத்திரம் 35 நோயாளர்களின் விபரங்களைத் தொகுத்து வெளியிட முடிந்தது.

தகடுகளை மீளப் பார்த்தபோது

பதிவேட்டின் உண்மையான பெறுமதி கோரியோகாசினோமா விடயத்திலேயே மிகத் தெளிவாகத் துலங்கியது. சூல்வித்தகத்தை உருவாக்கும் கலங்களிலிருந்து தோன்றும் புற்றுநோய் இது. குழந்தை பெற்ற பின்னரோ கருச்சிதைவின் பின்னரோ வரலாம். பெரும்பாலும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் எனப்படும் நிலையைத் தொடர்ந்து வருகின்றது. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் கரு வளர்வதற்குப் பதிலாகச் சூல்வித்தகத்தின் சடைமுளைகள் நீர் கோத்து, திராட்சைக் குலை போலக் கருப்பையை நிரப்பும். அவற்றை அகற்றிய பின்னர் பெரும்பாலான பெண்கள் நலமடைவர். சிலருக்கு மாத்திரம் எஞ்சிய கலங்கள் பெருகி நோயாக மாறும். கோரியோகாசினோமாவாக மாறினால் அது இரத்தத்தின் வழியே சுவாசப்பைக்கும் மூளைக்கும் விரைந்து பரவும். தாயாகவிருந்த இளம் பெண்ணைச் சில மாதங்களுக்குள் பலி கொள்ளும் நோயாக அது அன்று அஞ்சப்பட்டது. பல பத்தாயிரம் கர்ப்பங்களில் ஒன்றிலேயே இது ஏற்படும்.

இந்த அரிய தன்மையால் இரு வகையான தவறுகள் நிகழ்ந்தன. ஆபத்தற்ற மாற்றத்தைப் புற்றுநோய் என்று கருதி இளம் பெண்களின் கருப்பையை அகற்றியமை முதலாவது தவறு. அப்பெண் பிழைத்துக் கொண்டதும், தமது சிகிச்சையால் கொடிய புற்றுநோய் குணமாயிற்று என்று மருத்துவ சஞ்சிகையில் எழுதியமை இரண்டாவது தவறு. முதலாவது தவறு ஒரு பெண்ணின் தாய்மையைப் பறித்தது. இரண்டாவது தவறு பிற வைத்தியர்கள் அனைவரையும் வழி தவறச் செய்தது. இல்லாத நோயைக் குணப்படுத்தியவர்களின் கணக்கும், உண்மையான நோயால் இறந்தவர்களின் கணக்கும் ஒன்றாகக் கலந்திருந்த நிலையில், எந்தச் சிகிச்சை பயன் தருகின்றது என்பதை எவராலும் கூற முடியவில்லை.

நோவாக் இக்கலப்பைப் பிரித்தெடுக்க முனைந்தார். இழையத்தில் சடைமுளைகள் காணப்படுமாயின் அதனைக் கோரியோகாசினோமா என்று கொள்ளலாகாது என்ற கண்டிப்பான வரையறையை அவர் வலியுறுத்தினார். 1954ஆம் ஆண்டில் சீயா என்ற சகாவுடன் சேர்ந்து மத்தியூ பதிவேட்டிலிருந்து இரு ஆய்வுகளை வெளியிட்டார். ஒன்று, உண்மையான கோரியோகாசினோமா என்று ஏற்கப்பட்ட 74 நோயாளர்களைப் பற்றியது. மற்றையது, அதே பதிவேட்டில் இருந்த, புற்றுநோயல்லாத மாற்றங்களைப் பற்றியது. புற்றுநோய்க்கென்று திறக்கப்பட்ட பதிவேட்டில் புற்றுநோயல்லாதவற்றுக்கு ஒரு தனிக் கட்டுரை தேவைப்பட்டது என்பதே அன்றைய நிலைமையை விளக்கப் போதுமானது.

வெற்றிக் கணக்கைக் குறைத்துக் காட்டும் வேலைக்கு எவரும் மாலையிட்டுப் பாராட்டுவதில்லை. தாம் குணப்படுத்தியதாக நம்பிய நோயாளிக்கு அந்நோயே இருக்கவில்லை என்று அறிவது எந்த வைத்தியருக்கும் உவப்பானதன்று. ஆயினும் அந்தக் கசப்பான திருத்தம் இல்லாமல் அடுத்த கட்டம் சாத்தியமாகியிராது.

கணக்கு மாறிய ஆண்டு

அடுத்த கட்டம் நோவாக்கின் இறுதிக் காலத்திலேயே, அவரது நகருக்கு அண்மையிலேயே தொடங்கியது. பால்ட்டிமோருக்கும் வொஷிங்டனுக்கும் இடையிலான தூரம் அதிகமில்லை. வொஷிங்டனை அடுத்த பெத்தெஸ்டாவில் அமைந்துள்ள தேசிய புற்றுநோய் நிறுவகத்தில், சீனாவிலிருந்து வந்த மின் சியு லீ என்ற இளம் வைத்தியரும் ரோய் ஹேர்ட்ஸ் என்பவரும் மெதோட்ரெக்சேட் என்ற மருந்தைப் பரவிய கோரியோகாசினோமாவுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அதன் முதல் முடிவுகள் 1956இல் வெளியாகின. சுவாசப்பையில் இருந்த கட்டிகள் மறைந்தன.

இந்நோய் கர்ப்பகால ஓமோனைச் சிறுநீரில் வெளியேற்றும். கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த பின்னரும் ஓமோன் சிறிதளவு எஞ்சியிருப்பின் நோயும் எஞ்சியிருக்கின்றது என்று லீ கருதினார். ஓமோன் முற்றாக மறையும் வரை மருந்தைத் தொடர்ந்தார். வெறும் இலக்கத்துக்காக நச்சு மருந்தைக் கொடுக்கிறார் என்று மேலதிகாரிகள் குறை கண்டதனால் அவர் அந்நிறுவகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் கருதியதே சரியென்று பின்னர் நிரூபணமாகி, 1972இல் அவருக்கும் ஹேர்ட்ஸுக்கும் லாஸ்கர் விருது பகிர்ந்தளிக்கப்பட்டது.

நோவாக் 1957இல் காலமானார். புதிய சிகிச்சையின் முழுமையான பயனைக் காண அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. எனினும் அப்பயனை அளந்தறிய உதவிய அளவுகோல்களுள் அவர் பேணிய பதிவேடும் ஒன்று. மத்தியூ பதிவேட்டின் பணியைச் சிக்காகோவில் தொடர்ந்த ஜோன் புரூவர், மருந்துச் சிகிச்சைக்கு முந்திய காலத்தில் கருப்பை அகற்றப்பட்ட நோயாளர்களின் கணக்கை 1960களின் தொடக்கத்தில் வெளியிட்டார். நோய் கருப்பையைத் தாண்டவில்லை என்று கருதப்பட்டவர்களிலேயே ஐந்தாண்டு வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் மாத்திரமே. நோய் பரவியிருந்தவர்களில் அத்தொகை நூற்றுக்கு 20ஐயும் எட்டவில்லை.

இவ்விரு எண்களும் பேசிய செய்தி மிக முக்கியமானது. நோய் கருப்பைக்குள்ளேயே இருக்கின்றது என்று வைத்தியர் நம்பிய வேளையிலும், பாதிக்கும் மேற்பட்ட பெண்களில் அது கண்ணுக்குப் புலப்படாமல் பரவிவிட்டிருந்தது. எனவே கருப்பையை அகற்றுவது மாத்திரம் தீர்வாகாது. மறுபுறத்தில் ஹேர்ட்ஸ் குழுவினர் 1961இல் வெளியிட்ட ஐந்தாண்டு அறிக்கையில், கோரியோகாசினோமாவும் அதனை ஒத்த நோய்களும் பரவிய நிலையிலிருந்த 63 பெண்களில் 30 பேரிடம் நோயின் அடையாளம் முற்றாக நீங்கியிருந்தது. பழைய கணக்கு நேர்மையாக எழுதப்பட்டிருக்காவிட்டால் புதிய கணக்கின் பெறுமதி விளங்கியிராது. கருப்பையை அகற்றாமலேயே மருந்தினால் குணமாக்கி, பின்னர் குழந்தை பெறவும் வழிவிடும் சிகிச்சை முறை இவ்வாறு உறுதி பெற்றது.

விதை மரமான கதை

நோவாக்கின் மறைவுக்குப் பின்னர் அவரது பணி பல கிளைகளாகப் பரந்தது. சூலகக் கட்டிகள் பதிவேட்டையும் நோயியல் நூலையும் அவருடைய மகன் எட்மன்ட் நோவாக்கும் டொனால்ட் வூட்றஃப் என்ற பேராசிரியரும் முன்னெடுத்துச் சென்றனர்.

பொஸ்டனில் 1971இல் நிகழ்ந்தது இன்னொரு மைல்கல். 15 வயது முதல் 22 வயது வரையான எட்டு இளம் பெண்களுக்கு யோனியில் மிக அரிய புற்றுநோய் காணப்பட்டது. ஆர்தர் ஹேர்ப்ஸ்ட் என்ற வைத்தியரும் அவரது சகாக்களும் விசாரித்தபோது, அவர்களில் எழுவரின் தாய்மார் கர்ப்ப காலத்தில் கருச்சிதைவைத் தடுப்பதற்கென்று டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை ஓமோனை உட்கொண்டிருந்தமை தெரிய வந்தது. அதே ஆண்டின் இறுதியில் கர்ப்பிணிகளுக்கு அம்மருந்தைக் கொடுக்க வேண்டாமென அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தனர். உடனடியாக ஒரு பதிவேடும் திறக்கப்பட்டது. அப்பதிவேட்டின் துணையுடன், அம்மருந்துக்கு ஆளான மகள்மாரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே இந்நோய் வரக்கூடும் என்று மதிப்பிடப்பட்டது. அச்சத்தில் உறைந்திருந்த இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த மதிப்பீடு அளித்த ஆறுதல் சிறிதன்று.

பிரித்தானியாவில் பேராசிரியர் கெனத் பாக்ஷோ இந்த எண்ணத்தை அதன் முழு வளர்ச்சிக்குக் கொண்டு சென்றார். 1973 முதல் அந்நாட்டில் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் ஏற்படும் பெண்கள் இலண்டன், ஷெஃபீல்ட், டண்டி ஆகிய மூன்று நிலையங்களுள் ஒன்றில் பதியப்படுகின்றனர். அவர்கள் தமது வீட்டிலிருந்தே மாதிரிகளைத் தபாலில் அனுப்புவர். ஓமோன் அளவு குறைந்து செல்கின்றதா, ஏறுகின்றதா என்று நிலையம் கவனிக்கும். முழுமையான முத்துப்பிள்ளைக் கர்ப்பம் ஏற்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் மருந்துச் சிகிச்சை தேவைப்படுகின்றது. எஞ்சியோர் வீணான மருந்தின் துன்பத்திலிருந்து காக்கப்படுகின்றனர்.

திரண்ட விபரங்களிலிருந்து 1976இல் பாக்ஷோ ஒரு புள்ளியிடல் முறையை வகுத்தார். வயது, முந்திய கர்ப்பத்தின் தன்மை, இடைப்பட்ட மாதங்கள், ஓமோன் அளவு, கட்டியின் பருமன், பரவிய இடம் முதலியவற்றுக்குப் புள்ளிகள் இட்டு, எவருக்கு ஒரு மருந்து போதும், எவருக்குப் பல மருந்துகள் வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்க அது உதவியது. உலக சுகாதார நிறுவனமும் பின்னர் சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் சம்மேளனமும் அதனைத் திருத்தங்களுடன் ஏற்றுக் கொண்டன. ஆறு புள்ளிகள் வரை பெறுவோர் குறைந்த ஆபத்துடையோர், ஏழும் அதற்கு மேலும் பெறுவோர் கூடிய ஆபத்துடையோர் என்று இன்று கணிக்கப்படுகின்றனர். முதற் பிரிவினர் ஏறத்தாழ அனைவருமே இன்று குணமடைகின்றனர். இரண்டாம் பிரிவிலும் மிகப் பெரும்பாலானோர் பிழைக்கின்றனர். ஒரு காலத்தில் சில மாதங்களில் உயிர் குடித்த நோயின் நிலை இதுவாகும்.

ஏட்டின் பொறுப்பு

நோயாளர் பதிவேடுகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. நோவாக் பணியாற்றிய அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் 1951இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் இறந்த ஹென்றியெட்டா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கலங்கள், அவருடைய சம்மதமின்றியே எடுக்கப்பட்டு உலகின் ஆய்வுகூடங்கள் எங்கும் வளர்க்கப்பட்டன. குடும்பத்தினர் அதனை அறிய இருபதாண்டுகளுக்கு மேல் சென்றது. அவருடைய கட்டியின் தகடுகளை 1971இல் மீளப் பார்த்தபோது, அது முதலில் குறிக்கப்பட்ட வகையைச் சேர்ந்ததல்ல, சுரப்பிக் கலங்களிலிருந்து தோன்றிய அரிதான வகையென்பது தெரிந்தது. பழைய தகட்டைப் பேணி வைப்பதன் அவசியத்தையும், அத்தகட்டுக்குரிய மனிதரின் உரிமையை மதிக்க வேண்டியதன் அவசியத்தையும் இந்த ஒரே நிகழ்வு உணர்த்துகின்றது. நோயாளியின் சம்மதமும் அந்தரங்கமும் காக்கப்படாவிடின், பதிவேட்டுக்குத் தமது விபரத்தைத் தர எவரும் முன்வரமாட்டார்கள். மக்களின் நம்பிக்கையை இழந்த பதிவேடு வெறும் காகிதக் குவியலே.

இவ்விடயம் எமக்குத் தூரத்துச் செய்தியன்று. பிரித்தானியப் பதிவேட்டின் விபரங்களின்படி, அங்கு வாழும் ஆசிய வம்சாவளிப் பெண்களிடம் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் ஏனைய பெண்களை விட ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாகக் காணப்படுகின்றது. இலங்கையில் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 1980இல் தொடங்கப்பட்டு, நோயாளர் விபரங்கள் தொகுக்கப்பட்டு வருகின்றன. ஆனால் ஏடு வைத்தியர்களால் மாத்திரம் நிறைவு பெறுவதில்லை. போரினாலும் இடப்பெயர்வுகளினாலும் வீடுகளோடு சேர்த்துச் சிகிச்சைக் குறிப்பேடுகளையும் கைவிட்டு வந்த அனுபவம் எமது தமிழ், முஸ்லிம் மக்களுக்குப் புதியதல்ல. பெண்நோய் என்றாலே மறைத்துப் பேசும் வழக்கமும் எம்மிடையே உண்டு. முதல் சிகிச்சையின் பின்னர் சுகம் வந்துவிட்டது என்று கருதி, மீள்பரிசோதனைக்குச் செல்லாது விட்டுவிடுவோரும் பலர். அவ்வாறு விடுபடும் ஒவ்வொருவரின் பின்னாலும் ஏட்டின் ஒரு பக்கம் வெறுமையாகின்றது. அப்பக்கத்தில் எழுதப்பட வேண்டியிருந்த செய்தி, நாளை இதே நோயுடன் வரும் இன்னொரு பெண்ணுக்குத் தேவைப்பட்ட செய்தியாக இருக்கலாம்.

எமில் நோவாக் புதிய மருந்தெதனையும் கண்டுபிடிக்கவில்லை. தாம் நேரில் கண்டிராத பெண்களின் நோயைத் தகடு தகடாகப் பார்த்து, உண்மை எது, பொய் எது என்று பிரித்து எழுதி வைத்தார். மருந்து வந்து சேர்ந்தபோது அதன் பயனை நிறுத்துப் பார்க்கத் தராசு ஆயத்தமாக இருந்தது. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தின் பின்னர் நோய் முற்றாக நீங்கி, மீண்டும் குழந்தையைக் கையில் ஏந்தும் தாய்மாருள் அவரது பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அதனால் அவரது பணியின் பெறுமதி குறைந்துவிடப் போவதில்லை.